சில்வர் ஃபாக்ஸ்: நரைத்த அழகைச் சொல்லும் ஆங்கிலத் தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் ஒரு பிறந்தநாள் அட்டையிலிருந்து தொடங்கின. தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்திவரும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த 14 வயது மாணவி ஒருத்தி, தன் தாத்தாவின் எழுபதாம் பிறந்தநாளுக்காக ஓர் அட்டை செய்து, அதன் மேல் தங்கநிற மையால் "எங்கள் வெள்ளி நரித் தாத்தாவுக்கு" என்று எழுதிக்கொண்டு போனாள். தாத்தாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு முறை படித்த அவர், "நான் யாரை ஏமாத்தினேன், கண்ணு?" என்று கேட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, "சரியாத்தான் எழுதியிருக்கா" என்றாராம். சில்வர் ஃபாக்ஸ் என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியதால் நேர்ந்த குழப்பம் இது. அதன்பின் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றையும் நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சில்வர் ஃபாக்ஸ் என்றால் என்ன பொருள்?

தலை நரைத்த பின்னும் கவர்ச்சி குறையாமல் இருக்கும் நடுவயதினரையோ முதியவரையோ, பெரும்பாலும் ஆண்களை, பாராட்டாகக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுவழக்குத் தொடர் இது. சில்வர் என்பது வெள்ளியைப் போல் மின்னும் முடியையும், ஃபாக்ஸ் என்பது பார்ப்பவரை ஈர்க்கும் ஆளையும் சுட்டுகின்றன. நடிகர் ஜார்ஜ் குளூனியையும் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆண்டர்சன் கூப்பரையும் ஆங்கில இதழ்கள் இப்படி அழைத்து அழைத்து, இப்போது அவர்களை வைத்தே இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

வயது மட்டும் இருந்தால் இந்தப் பட்டம் கிடைக்காது. நரை மட்டும் இருந்தாலும் கிடைக்காது. எண்பது வயதிலும் கருகருவென்று முடியுள்ளவரை யாரும் சில்வர் ஃபாக்ஸ் என்று சொல்வதில்லை. உடையில் ஒரு நேர்த்தி, நடையில் ஒரு மிடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நரையை மறைக்க முயலாத ஒரு நிம்மதி ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும்போதுதான் இந்தச் சொல் வாயில் வருகிறது. தலைக்கு மை பூசியவர், எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே முடியாது.

நரி என்றால் தந்திரம்தானே? அதில் அழகு எங்கிருந்து வந்தது?

வகுப்பில் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வியும்கூட. ஆங்கிலத்திலும் நரி முதலில் தந்திரத்தின் அடையாளமாகத்தான் இருந்தது. 'ஃபாக்ஸி' என்ற பெயரடை 16ஆம் நூற்றாண்டிலிருந்தே சூழ்ச்சிக்காரரைக் குறித்து வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மானியத் தளபதி ரோம்மலை அவருடைய எதிரிகளே 'பாலைவன நரி' என்று அழைத்தார்கள். 1942 ஜூன் மாதம் லிபியத் துறைமுக நகரமான டோப்ரூக் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கான தென்னாப்பிரிக்கப் படைவீரர்கள் அவரிடம் சிறைப்பட்டார்கள் என்பதால், இந்த நாட்டு முதியவர்கள் பலருக்கு அந்தப் பெயர் நன்றாக நினைவிருக்கும். அந்த நரியில் அழகு பற்றிய பேச்சே கிடையாது.

அழகுப் பொருள் அமெரிக்காவில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே 'ஃபாக்ஸி' என்பது கவர்ச்சியான பெண்ணைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக மாறத் தொடங்கியது. 1960களில் அது எங்கும் பரவிவிட்டது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1967ஆம் ஆண்டுப் பாடலொன்றின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை இந்தப் பொருளில் காணலாம். அந்தக் கவர்ச்சிப் பொருளோடு வெள்ளி என்ற அடையும் சேர்ந்து, பெண்ணிடமிருந்து ஆணுக்கும், இளமையிலிருந்து முதுமைக்கும் நகர்ந்து வந்ததே நாம் பேசும் தொடர். எனவே இதில் இருக்கும் நரி பாட்டியிடம் வடை திருடிய காக்கையை ஏமாற்றிய நரி அல்ல. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றக் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

பாதி என்று சொல்லக் காரணம், பழைய தந்திரப் பொருள் இன்னும் முழுதாகச் செத்துவிடவில்லை என்பதே. யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்பதைப் பார்த்துத்தான் எந்த நரி என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டப்பெயரைப் பெற்றவர்களில் குறிப்பிடத் தக்கவர் யார்?

மூன்று பேரைச் சொல்வேன், ஏனென்றால் மூவரிடமும் இந்தத் தொடர் மூன்று விதமாக வேலை செய்கிறது.

முதலாமவர் அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் சார்லி ரிச். 1932இல் பிறந்த அவருக்கு முடி இளவயதிலேயே வெளுத்துவிட்டது. 1973இல் அவருடைய பாடல்கள் பெரும் புகழ் பெற்றபோது அவருக்கு நாற்பது வயதுதான் கடந்திருந்தது. ஆனால் மேடை விளக்கில் தலை வெள்ளித் தகடு போல மின்னியது. அடுத்த ஆண்டு அவருடைய இசைத்தட்டு ஒன்று இந்தப் பட்டப்பெயரையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்தது. அழகுப் பொருள் மக்களிடம் நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து.

இரண்டாமவர் கார்ப் பந்தய வீரர் டேவிட் பியர்சன். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் 105 முறை வென்ற அவரை முதலில் வெறும் 'ஃபாக்ஸ்' என்றுதான் அழைத்தார்கள். தொடக்கத்திலேயே வேகம் காட்டாமல், கடைசிச் சுற்றுகள் வரை காத்திருந்து முந்தும் கணக்கான ஓட்டத்துக்காகக் கிடைத்த பெயர் அது. தலை நரைத்தபின் முன்னால் 'சில்வர்' ஒட்டிக்கொண்டது. இங்கே நரி தந்திரக்கார நரி. வெள்ளி மட்டும்தான் முடி.

மூன்றாமவர் ஒரு பெண். அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷின் மனைவி பார்பரா புஷ்ஷை அவருடைய குடும்பத்தார் செல்லமாக அழைத்த பெயர் சில்வர் ஃபாக்ஸ். வெண்பஞ்சு போன்ற முடியோடு, அதற்குச் சாயம் பூசாமல் வெள்ளை மாளிகையில் வாழ்ந்த அவருக்கு அந்தப் பெயரில் அழகும் இருந்தது, வீட்டுக்காரர்களின் கேலியும் இருந்தது, கூர்மையான நாவுக்கு ஒரு சிறு குட்டும் இருந்திருக்கலாம்.

உண்மையிலேயே வெள்ளி நரி என்று ஒரு விலங்கு உண்டா? வயதானதால் வெளுத்த நரியா அது?

உண்டு, ஆனால் அதன் வெள்ளிக்கும் வயதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழும் செந்நரியின் கருநிற வகையே வெள்ளி நரி. பரம்பரையாக வரும் கருநிறமிப் பெருக்கத்தால் அதன் உடல் கறுப்பாக இருக்கும். நீண்ட மேல்மயிர்களில் பலவற்றின் நுனிப்பக்கம் மட்டும் வெளுத்திருப்பதால், கறுப்புத் துணியில் பனித்துளி படிந்ததுபோல ஒரு மினுமினுப்பு தோன்றும். குட்டியாக இருக்கும்போதே அது வெள்ளி நரிதான். நம்முடைய நரையோ நேர் எதிரானது: மயிர்க்காலில் நிறமி சுரக்கும் செல்கள் குறையக் குறைய முடி வெளுக்கிறது. நரிக்கு நிறமி கூடியதால் வந்த அழகை, நிறமி வற்றியதால் வந்த நரைக்கு உவமையாக்கியிருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, வகுப்பில் உயிரியல் படிக்கும் பையன் ஒருவன் மட்டும் சிரித்தான்.

இந்த விலங்கின் தோல் ஒருகாலத்தில் செல்வர்களின் கழுத்தை அலங்கரித்தது. 1890களில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் சார்லஸ் டால்டன், ராபர்ட் ஓல்டன் என்ற இருவர் வெள்ளி நரிகளைப் பண்ணையில் வளர்ப்பதில் வெற்றி கண்டார்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு சோடி நரி ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோனது. சில்வர் ஃபாக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஆங்கிலேயர் மனத்தில் ஒரு விலையுயர்ந்த பொருளின் மினுக்கம் எழுவதற்கு அந்த ரோமச் சால்வைகளும் காரணம் என்றே நினைக்கிறேன். சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமீத்ரி பெல்யாயெவ் 1959இல் தொடங்கிய புகழ்பெற்ற பழக்கப்படுத்தும் ஆய்வுக்கும் இந்த நரிகளே பயன்பட்டன. மனிதரிடம் அன்பாக நடந்துகொண்ட நரிகளை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம்பெருக்கியபோது, சிலவற்றின் நெற்றியில் வெள்ளைப் புள்ளி விழுந்தது, சிலவற்றுக்குக் காது தொங்கியது, வாலும் ஆடியது.

தென்னாப்பிரிக்காவில் வெள்ளி நரியைப் பார்க்க முடியுமா?

செந்நரி இங்கே கிடையாது. சகாராவுக்குத் தெற்கே அது இயற்கையாக வாழ்வதில்லை. ஆனால் நம் நாட்டுக்கென்று ஒரு நரி உண்டு. ஆங்கிலத்தில் கேப் ஃபாக்ஸ் எனப்படும் அதை ஆப்பிரிகான்ஸ் மொழியில் சில்வர்யக்கல்ஸ், அதாவது வெள்ளிக் குள்ளநரி என்றே அழைக்கிறார்கள். முதுகு வெள்ளிச் சாம்பல் நிறமாகவும் தலையும் கால்களும் செம்பழுப்பாகவும் இருக்கும். மூன்று கிலோ அளவுக்கே எடையுள்ள மெலிந்த சிறு விலங்கு. தென்னாப்பிரிக்காவில் வாழும் ஒரே உண்மையான நரியினம் இதுதான். கரூ, கலஹாரி போன்ற வறண்ட பகுதிகளில் இரவில் இரைதேடித் திரியும் இதனை டர்பனின் ஈரக் கரையோரத்தில் தேடிப் பயனில்லை. துரத்தினால் சட்டென்று வளைந்து திரும்பி ஓடுவதால் 'டிராய்யக்கல்ஸ்', திரும்பும் நரி, என்றும் ஒரு பெயர் இதற்கு இருக்கிறது.

இயற்கையாகவே வெள்ளி நரி வாழும் நாட்டில் இருந்துகொண்டு, அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளி நரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சில்வர்பேக் என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. சில்வர்பேக் என்பது முதுகில் வெள்ளிநிற மயிர் படர்ந்த, வளர்ந்த ஆண் கொரில்லா, கூட்டத்தின் தலைவன். மனிதரைச் சில்வர்பேக் என்றால் அதிகாரமும் முரட்டுத்தனமும் தொனிக்கும், அழகு தொனிக்காது. ஜோகன்னஸ்பர்க் விலங்குக் காட்சிசாலையில் இருந்த மேக்ஸ் என்ற கொரில்லா, 1997இல் போலீசுக்குத் தப்பி அடைப்புக்குள் குதித்த திருடனால் சுடப்பட்டும், அவனைப் பிடித்துவைத்ததால் நாடே அறிந்த வீரனானது. மேக்ஸை யாரும் சில்வர் ஃபாக்ஸ் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

'வெள்ளி நரி' என்று அப்படியே தமிழில் எழுதினால் என்ன தவறு?

இலக்கணத்தில் தவறில்லை; காதில்தான் தவறு. தமிழில் ஒருவரை நரி என்றால் அது வசை. கிழட்டு நரி என்றால் இரட்டை வசை: வயதும் ஆகிவிட்டது, வஞ்சகமும் போகவில்லை என்று பொருள். வெள்ளி நரி என்று படிக்கும் தமிழரின் மனம் அந்தக் கிழட்டு நரியைத்தான் முதலில் நினைக்கும். அட்டையைப் படித்த தாத்தா அப்படித்தான் நினைத்தார்.

தமிழ் மரபில் நரிக்கு எப்போதும் கெட்ட பெயரே என்றும் சொல்லிவிட முடியாது. எதிர்பாராமல் நல்லது நடந்தவரிடம் "இன்னைக்கு நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்கிறோம், நரி கண்ணில் படுவது நல்ல சகுனம் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு அனுப்பினார் என்பது திருவிளையாடல். அங்கேயும் கதை இரவோடு முடிந்து, விடிவதற்குள் பரிகள் மறுபடியும் நரிகளாகி ஊளையிட்டு ஓடிவிடுகின்றன. நரிக்குக் கிடைத்த பெருமை ஒரு பகல் பொழுதுதான். வெயிலடிக்கும்போதே மழை பெய்தால் காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இதையே ஆப்பிரிகான்ஸ் பேசுகிறவர்கள் நரி ஓநாயின் மனைவியை மணக்கிறது என்றும், இந்நாட்டு ஆங்கிலத்தில் குரங்குக் கல்யாணம் என்றும் சொல்கிறார்கள். ஆக, நரி சகுனமாகவும் மாப்பிள்ளையாகவும் வந்திருக்கிறது. ஆனால் அழகனாக வந்ததே இல்லை. அழகுக்கு நாம் மயிலிடமும் மானிடமும் அன்னத்திடமும் போனோமே தவிர, நரியிடம் போகவில்லை. ஆங்கிலத் தொடரில் உள்ள உவமை தமிழில் நிற்பதற்குத் தரை இல்லை என்பதே இதன் பொருள்.

அப்படியானால் தமிழர்கள் நரையை அழகாகப் பார்த்ததே இல்லையா?

நரையை நாம் மிக உன்னிப்பாகப் பார்த்திருக்கிறோம். அதில் அழகைத் தேடியதுதான் குறைவு.

கரிகால் சோழனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கோடு வந்த முதியவர் இருவர், அரசன் சிறுவனாயிற்றே, இவனால் நியாயம் சொல்ல முடியுமா என்று தயங்க, அவன் நரைமுடி அணிந்து முதியவன் போல வந்து தீர்ப்புச் சொன்னான் என்கிறது பழமொழி நானூறு. இன்று முப்பது வயதுக்காரராகத் தோன்றுவதற்காக அறுபது வயதுக்காரர் மை பூசுகிறார். அந்த இளைஞனோ நம்பிக்கை பெறுவதற்காக வெள்ளைமுடி பூண்டான். நரை அங்கே அதிகாரத்தின் அடையாளம், தலையில் ஏறிய தீர்ப்புரிமை.

கம்பனிடம் நரை ஓர் எச்சரிக்கை. தசரதன் கண்ணாடியில் பார்க்கும்போது காதோரத்தில் ஒற்றை மயிர் வெளுத்திருக்கிறது. மகனிடம் ஆட்சியைத் தந்துவிட்டுத் தவத்துக்குப் போகும் பருவம் இது என்று சொல்வதற்காகவே அது காதருகே வந்ததுபோல் இருந்தது என்கிறான் கவிஞன். புறநானூற்றின் 191ஆம் பாடலில் பிசிராந்தையாருக்கோ நரையே இல்லை. ஆண்டு பல ஆகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களிடம், மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், சொல்லாமலே குறிப்பறியும் ஏவலர், தீமை செய்யாத அரசன், அடக்கமுள்ள சான்றோர் வாழும் ஊர் என்று காரணங்களை அடுக்குகிறார். நரை கவலையின் விளைவு என்ற நம்பிக்கை எவ்வளவு பழையது என்பதை அந்தப் பட்டியல் காட்டுகிறது. ஆள வைத்தது, அஞ்ச வைத்தது, கவலையைக் காட்டிக்கொடுத்தது என்று நரைக்குப் பல வேலைகள் இருந்தன. மயக்கும் வேலை மட்டும் அதற்குத் தரப்படவில்லை.

அந்த வேலையைத் தந்தது அண்மைக்காலத் திரைப்படம். 2011இல் மங்காத்தா படத்தில் நடிகர் அஜித்குமார் கறுப்பும் வெள்ளையும் கலந்த தன் முடியோடு நாயகனாக நடித்தபின், 'சால்ட் அண்ட் பெப்பர்' என்ற தொடர் தமிழர் நாவில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இங்கே டர்பனிலும் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, "மை வேண்டாம், சால்ட் அண்ட் பெப்பராகவே இருக்கட்டும்" என்று சொல்லும் மாமாக்களைப் பார்க்கிறேன். அவர்கள் சொல்லாமல் சொல்வது சில்வர் ஃபாக்ஸ் என்பதைத்தான்.

தமிழில் அதற்கு என்ன சொல்வது?

ஒரே சொல்லாக மாற்ற முயல வேண்டாம் என்பேன். இடத்துக்கு ஏற்றபடி சொல்ல வேண்டும். வாழ்த்து அட்டையென்றால் "நரைத்தும் களை குறையாத எங்கள் தாத்தாவுக்கு" என்று எழுதலாம். களை என்ற சொல் இதற்கென்றே பிறந்தது போல இருக்கிறது: முகத்தில் இருக்கும் ஒளி அது, வயது அதைத் தொடாது. பேச்சில் என்றால் "மாமா, நரை உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்பது போதும். கட்டுரையிலோ செய்தியிலோ என்றால் "நரைத்த மிடுக்கர்" போன்ற ஆக்கங்கள் படிக்கலாம். ஆனால் அவை கொஞ்சம் விறைப்பானவை. நண்பர்களுக்குள் கேலியாகச் சொல்வதென்றால் சில்வர் ஃபாக்ஸ் என்பதையே வைத்துக்கொள்வதில் தவறில்லை. பஸ்ஸையும் காரையும் வைத்துக்கொண்டவர்கள்தாமே நாம்.

நரைக்கு உவமை வேண்டுமென்றால் நம்மிடமே தும்பைப்பூ இருக்கிறது, பஞ்சு இருக்கிறது. தும்பைப்பூப் போல நரைத்த தலை என்றால் அதில் தூய்மையும் மென்மையும் வந்துவிடும். நரியை அழைக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கும் இதைச் சொல்லலாமா?

பார்பரா புஷ்ஷைச் சொன்னேன். ஆனால் வழக்கில் இது பெரும்பாலும் ஆணுக்கே போகிறது. அதில் ஒரு பாரபட்சம் இருப்பதை மறைக்க முடியாது. நரைத்த ஆணை அழகன் என்று சொல்லும் அதே வாய், நரைத்த பெண்ணிடம் "ஏன் உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கிறது. சிலர் பெண்ணுக்கென்று 'சில்வர் விக்சன்' என்று சொல்லிப் பார்க்கிறார்கள். விக்சன் என்பது பெண் நரிதான். ஆனால் ஆங்கிலத்தில் அது சண்டைக்காரியையும் குறிக்கும். எனவே அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் ஊரில் இதில் ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கி, முடிதிருத்தும் கடைகள் ஜூன் வரை மூடியிருந்தபோது, மாதம் தவறாமல் மை பூசிவந்த பெண்கள் பலருக்கு அது நின்றுபோனது. கடைகள் திறந்தபின் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவரைக் கோயில் வாசலில் பார்த்தேன். வகிட்டின் இருபுறமும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு முடி வெள்ளையாகவும், அதற்குக் கீழே பழைய மையின் செம்பழுப்பாகவும், நுனியில் கறுப்பாகவும் மூன்று பட்டைகளாக இருந்தது. "இனிமே பூசலை" என்றார். ஓராண்டில் முழுவதும் வெள்ளையாகி, கொண்டையில் மல்லிகை எது முடி எது என்று தெரியாத அழகு வந்தது. அவரை யாரும் சில்வர் ஃபாக்ஸ் என்று அழைக்கவில்லை. "அக்கா, மஹாலட்சுமி மாதிரி இருக்கீங்க" என்றார்கள். தமிழில் பெண்ணின் நரைக்குப் பாராட்டுக் கிடைக்கும்போது அது பெரும்பாலும் தெய்வத்தின் வழியாகத்தான் வருகிறது என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

டர்பன் இளைஞர்கள் சொல்லும் 'பாலி', 'டாப்பி' என்பவை இதே பொருளா?

அல்ல. பாலியும் டாப்பியும் இந்நாட்டுக் கொச்சைப் பேச்சில் வயதானவரை, சிலவேளை சொந்தத் தகப்பனாரை, உரிமையோடு சுட்டும் சொற்கள். அழகைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. பளபளப்பான ஆடம்பரத்தைக் குறிக்கும் 'லானி' என்ற சொல்லைப் பாலியோடு சேர்த்து "லானி பாலி" என்று என் மாணவன் ஒருவன் மொழிபெயர்த்தான். மதிப்பெண் தர மனம் வந்தது. தமிழ்த் தேர்வு என்பதால் தரவில்லை.

அலுவலகத்தில் ஒருவரை இப்படிப் பாராட்டலாமா?

வேண்டாம் என்பதே என் நேரடியான விடை. சொல்பவருக்குப் பாராட்டாக இருப்பது கேட்பவருக்கு வயதையும் உடலையும் ஒருசேரத் தொட்டுப் பேசுவதாகப் படலாம். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், வேலையிடத்தில் வயது, பாலினம் உள்ளிட்ட காரணங்களால் நியாயமற்ற பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. துன்புறுத்தலையும் அது பாகுபாட்டின் ஒரு வடிவமாகவே கருதுகிறது. ஒரு தடவை சொன்ன ஒற்றைச் சொல்லுக்காக வழக்கு வந்துவிடாது. ஆனால் கீழே வேலை செய்பவரிடம் மேலதிகாரி இதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நிலைமை வேறு. தமிழ் வழக்கில் இன்னொரு தடையும் இருக்கிறது: நாம் வயதில் மூத்தவரை ஐயா, அண்ணா, அக்கா என்று உறவிட்டு அழைக்கிறோம். உறவுமுறை வைத்தவரின் கவர்ச்சியைப் பற்றி நேருக்கு நேர் பேசுவது நாக்கில் தடுக்கும். அந்தத் தடுக்கலை நம்பலாம்.

இளநரை உள்ளவரைச் சில்வர் ஃபாக்ஸ் என்று சொல்லலாமா?

சொல்கிறார்கள், சார்லி ரிச்சே அதற்குச் சான்று. மருத்துவ நூல்கள் ஐரோப்பிய வம்சத்தவருக்கு 20 வயதுக்கும், ஆசியருக்கு 25 வயதுக்கும், ஆப்பிரிக்கருக்கு 30 வயதுக்கும் முன்பு வரும் நரையை இளநரை என்கின்றன. ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமோ, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞனிடமோ இந்தப் பாராட்டைச் சொன்னால் அது பாராட்டாகப் போய்ச் சேராது.

ஒருவர் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா?

ஒவ்வொரு நரியும் தன் வாலைத் தானே புகழும் என்று ஆப்பிரிகான்ஸில் ஒரு பழமொழி உண்டு.

தமிழில் எப்படி எழுதுவது? 'ஃபாக்ஸ்' என்பதா, 'பாக்ஸ்' என்பதா?

'சில்வர் ஃபாக்ஸ்' என்று ஆய்த எழுத்தோடு எழுதுவதே நல்லது. பழைய எழுத்தாளர்கள் ஆய்தமில்லாமல் பகரத்தையே போட்டார்கள். காப்பியை நாம் அப்படித்தான் குடித்துவருகிறோம், குறையொன்றும் இல்லை. ஆனால் இந்தச் சொல்லில் அந்தத் தாராளம் உதவாது. அந்த மூன்று புள்ளிகளையும் விட்டுவிட்டால் தாத்தா நரியாகக்கூட இருக்க மாட்டார், வெள்ளிப் பெட்டியாகிவிடுவார்.